கவுண்டரை மூடினால் வாடகை குறையுமா?

நான் படிப்பது பி.காம். மூன்றாம் ஆண்டு. எனக்கும் யூனிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போன வருஷம் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு நடுத்தர நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்தேன். இன்டர்ன்ஷிப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வவுச்சர் அடுக்குவது, பில்லுக்கு நம்பர் போடுவது, ஒப்பந்தங்களை ஃபைலில் கோர்ப்பது, டீ வந்தால் எல்லோருக்கும் முன்னால் எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான் :-)

எனக்கு உட்கார இடம் கொடுத்தது சர்வர் ரூமை ஒட்டி. ஏ.சி. காற்று அங்கேதான் நன்றாக வரும். அங்கே இருந்த சிஸ்டம் அட்மின் அண்ணா ஒருநாள் கருப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். வரிசையாக ஒரே மாதிரி கட்டளைகள். என்னண்ணா செய்யறீங்க என்றேன்.

"சி.பி.யு.வை ஆஃப் பண்றேன் தம்பி."

"சர்வர் ஓடிக்கிட்டு இருக்கே?"

"அது பாட்டுக்கு ஓடும். முப்பத்திரண்டுல இருபத்து நாலை மூடிட்டு எட்டை மட்டும் விடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடுகிற பஸ்ஸில் சக்கரத்தைக் கழற்றுவது போல் இருந்தது. அப்புறம் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மிச்சத்தை நானாகத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு அபிப்பிராயம் உருவாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் விஷயம் என்ன என்று எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு வங்கிக் கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு கவுண்டர். மேனேஜர் வந்து ஐந்தாம் நம்பர் கவுண்டரில் "மூடப்பட்டது" என்று பலகை வைக்கிறார். அங்கே நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து வரிசைகளில் போய் நிற்கிறார்கள். வங்கி நடக்கிறது. வரிசை மட்டும் கொஞ்சம் நீளம். யூனிக்ஸில் பிராசஸரை ஆஃப்லைன் செய்வது இதேதான். அந்த பிராசஸரில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளை இயங்குதளம் மற்ற பிராசஸர்களுக்கு மாற்றிவிட்டு, இனிமேல் இதற்கு வேலை அனுப்பாதே என்று குறித்துக்கொள்கிறது. சிப்பை யாரும் கழற்றுவதில்லை. ஸ்விட்சையும் தொடுவதில்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சோலாரிஸில் (சன்னை 2010-ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது) இதற்கு பிஎஸ்ஆர்ஏடிஎம் என்று ஒரு கட்டளை. மைனஸ் எஃப் போட்டால் பிராசஸர் ஆஃப்லைன், மைனஸ் என் போட்டால் மறுபடி ஆன்லைன். மைனஸ் ஐ என்று ஒன்று உண்டு. அது போட்டால் பிராசஸர் வேலை செய்யும், ஆனால் டிஸ்க், நெட்வொர்க் மாதிரி சாதனங்களிலிருந்து வரும் குறுக்கீடுகள் அதற்குப் போகாது. அதாவது கவுண்டர் திறந்திருக்கும், ஆனால் அந்த கிளார்க்கின் டெலிபோனை எடுத்துவிட்டார்கள். நிம்மதியாக வரிசையைப் பார்ப்பார். பிஎஸ்ஆர்இன்ஃபோ என்று இன்னொரு கட்டளை. எந்த பிராசஸர் எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதியில் எத்தனை மணியிலிருந்து அப்படி இருக்கிறது என்று காட்டும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லினக்ஸில் இன்னும் எளிது. சிஸ் என்ற அடைவுக்குள் ஒவ்வொரு சி.பி.யு.வுக்கும் ஒரு அடைவு, அதற்குள் ஆன்லைன் என்ற பெயரில் ஒரு ஃபைல். ரூட் அதிகாரத்தோடு அதில் 0 எழுதினால் மூடும், 1 எழுதினால் திறக்கும். எல்லாவற்றையும் மூடிவிட முடியாது, ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். சாதாரண இன்டெல் வகை இயந்திரங்களில் பூஜ்யம் நம்பர் சி.பி.யு.வுக்கு அந்த ஃபைலே பெரும்பாலும் இருக்காது.

இரண்டு இயங்குதளத்துக்கும் குணத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. "இந்த கவுண்டரில்தான் நிற்பேன்" என்று ஒரு வேலையை ஒரு பிராசஸரோடு கட்டிவைக்கலாம். அப்படிக் கட்டிய வேலை இருந்தால் சோலாரிஸ் அந்த பிராசஸரை மூட மறுக்கும். கட்டாயம் மூடித்தான் ஆக வேண்டும் என்றால் பெரிய எஃப் போட வேண்டும். லினக்ஸ் அவ்வளவு மரியாதை பார்க்காது. கட்டை அவிழ்த்து அடுத்த கவுண்டருக்குத் தள்ளிவிட்டு, லாக்கில் ஒரு வரி எழுதிவைக்கும்.

சரி, காசு கொடுத்து வாங்கிய பிராசஸரை ஏன் மூட வேண்டும்?

முதல் காரணம் நோய். ஒரு பிராசஸர் அடிக்கடி பிழை காட்டுகிறது என்றால், அது மொத்த சர்வரையும் கவிழ்ப்பதற்குள் அதை மட்டும் ஒதுக்கிவைக்கலாம். 2005-ல் வந்த சோலாரிஸ் 10 இதைத் தானாகவே செய்யும். அதற்கும் முன்னாலேயே, 1997-ல் சன் கொண்டுவந்த எண்டர்பிரைஸ் 10000 என்ற 64 பிராசஸர் வரை போடக்கூடிய இயந்திரத்தில், பிராசஸர் பலகையையே மெஷின் ஓடும்போது விலக்கி எடுக்க வழி இருந்தது. இதையெல்லாம் படித்தபோது உண்மையில் மரியாதை வந்தது. கடையை மூடாமல் சுவரை இடித்துக் கட்டுவது லேசான காரியமா?

இரண்டாவது அளவு பார்ப்பது. பதினாறு கோர் வேண்டுமா, எட்டு போதுமா என்று தெரிய வேண்டுமானால் எட்டை மூடிப் பார்த்தால் போச்சு. கோரைக் கூட்டினால் வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்பது பொய். ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். வேலையில் பத்தில் ஒரு பங்கை பிரித்துச் செய்ய முடியாது என்றால், ஆயிரம் பிராசஸர் போட்டாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. எங்கள் எக்கனாமிக்ஸ் வகுப்பில் குறைந்து செல் விளைவு விதி என்று படித்ததற்கு இது தம்பி முறை.

மூன்றாவது பாதுகாப்பு. ஹைப்பர்-த்ரெடிங் இருந்தால் ஒரு கோர் இரண்டு சி.பி.யு. போல் காட்சி தரும். ஒரே மேஜையில் இரண்டு கிளார்க். ஒருவர் எழுதுவதை மற்றவர் எட்டிப் பார்க்கலாம் என்ற பயம் 2018-ல் நிஜமானது. அந்த ஜூனில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் அதை இயல்பாகவே அணைத்துவிட முடிவு செய்தது. ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ என்ற ஓட்டை வெளியானது. லினக்ஸிலும் இரண்டாவது கிளார்க்குகளை எல்லாம் ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பும் வசதி வந்தது.

மின்சாரம் மிச்சமாகுமா என்று நானும் கேட்டேன். அண்ணா சிரித்தார். இன்றைய பிராசஸர்கள் வேலை இல்லாவிட்டால் தானாகவே தூங்கிவிடும், அதற்காக நாம் மெனக்கெட வேண்டியதில்லை என்றார்.

இதுவரை சொன்னதில் எனக்கு எந்த சண்டையும் இல்லை. அண்ணா மூடியது இந்த மூன்றுக்காகவும் அல்ல. லைசென்ஸுக்காக. இங்கேதான் காமர்ஸ்காரன் உள்ளே வருகிறான்.

பெரிய வணிக மென்பொருள் பலவற்றுக்கு விலை கோர் கணக்கில். வெளிப்படையாகத் தெரிந்த ஒரு உதாரணம், ஆரக்கிளின் டேட்டாபேஸ் எண்டர்பிரைஸ் பதிப்பு. பட்டியல் விலை ஒரு பிராசஸர் லைசென்ஸுக்கு 47,500 டாலர். இன்டெல், ஏ.எம்.டி. சிப் என்றால் ஒரு கோரை அரை பிராசஸராக எண்ணுவார்கள். 16 கோர் சர்வருக்கு 8 லைசென்ஸ், 3,80,000 டாலர். வருஷா வருஷம் சப்போர்ட் 22 சதவீதம், அதாவது 83,600 டாலர். இதே 4 கோருக்கு என்றால் 95,000 டாலரும் வருஷத்துக்கு 20,900 டாலரும். பேரம் பேசினால் தள்ளுபடி கிடைக்கும் என்பார்கள். இருந்தாலும் விகிதம் மாறாது. சர்வரின் விலையெல்லாம் இதற்கு முன்னால் பொரி கடலை.

ஒரு சிப்புக்கு ஒரு கோர் என்று இருந்த காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ஐ.பி.எம். 2001-ல் பவர்4-ல் ஒரே சிப்பில் இரண்டு கோர் வைத்தது. 2005-ல் சன் அல்ட்ராஸ்பார்க் டி1-ல் எட்டு கோர், கோருக்கு நான்கு த்ரெட், ஆக 32 சி.பி.யு. காட்டியது. எதை எண்ணுவது? மைக்ரோசாஃப்ட் 2004-ல் சிப்பைத்தான் எண்ணுவோம், கோரை எண்ண மாட்டோம் என்று அறிவித்தது. அதே மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 2012-ல் கோர் கணக்குக்கு மாறியது. கேழ்வரகைப் படியால் அளந்துகொண்டிருந்த கடைக்காரர் திடீரென்று மணியை எண்ண ஆரம்பித்தது போல.

இப்போது நான் இருந்த நிறுவனத்தின் கதை. அங்கே ஓடியது வேறு ஒரு மென்பொருள், பெயர் வேண்டாம். வாங்கியது 4 கோருக்கான லைசென்ஸ். சர்வரில் இருந்தது 16 கோர். ஹைப்பர்-த்ரெடிங்கோடு 32. மேலிடம் அண்ணாவிடம் சொன்னது, "நாலு கோருக்கு மேல ஓடக்கூடாது, பார்த்துக்கோ." அண்ணாவும் பார்த்துக்கொண்டார். எந்த இரண்டு சி.பி.யு. ஒரே கோரில் இருக்கின்றன என்று பார்த்து, ஜோடி ஜோடியாக மூடினார். ஜோடியில் ஒன்றை மட்டும் மூடினால் கோர் மூடியதாகாது அல்லவா. சர்வர் ரீபூட் ஆனால் எல்லாம் மறுபடி திறந்துகொள்ளும் என்பதால், தொடங்கும்போதே மூடுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருந்தார்.

ஒருநாள் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்றினார்கள். பழைய இடத்தில் இருந்த அந்த ஸ்கிரிப்டைப் புதிய பதிப்பு கண்டுகொள்ளவில்லை. பதினொரு நாள் 16 கோரும் திறந்தே இருந்தன. அண்ணா கவனித்துவிட்டு மறுபடி மூடினார். நான் பார்த்தது அந்தக் காட்சியைத்தான். அடுத்த மாதம் மென்பொருள் நிறுவனத்திலிருந்து லைசென்ஸ் தணிக்கை. 16 கோருக்கும் பணம் கட்டு என்று கடிதம் வந்தது.

மீட்டிங்கில் எல்லோரும் பிடித்துக்கொண்டது அந்தப் பதினொரு நாளை. "ஒழுங்காப் பார்த்திருந்தா இந்தச் செலவு வந்திருக்குமா?" அண்ணா தலை குனிந்து நின்றார். அவருக்கு அந்த வருஷம் இன்கிரிமென்ட் கிடையாது என்று முடிவானது.

ஆனால் அந்தப் பதினொரு நாளுக்கும் அந்த பில்லுக்கும் சம்பந்தமே இல்லை. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒப்பந்தத்தை ஃபைலில் கோர்த்தவன் நான். பஞ்ச் செய்வதற்கு முன் சும்மா புரட்டியபோது விளக்கங்கள் பகுதியில் ஒரு வரி இருந்தது. மென்பொருள் நிறுவப்பட்டிருக்கும் சர்வரில் உள்ள எல்லா கோர்களும் கணக்கு என்று. ஓடுகின்ற கோர் என்று இல்லை, உள்ள கோர். ஸ்கிரிப்ட் ஒருநாள் தவறாமல் ஓடியிருந்தாலும் இதே பில்தான் வந்திருக்கும். கவுண்டரில் பலகை வைத்தால் கட்டிடத்துக்காரர் வாடகையைக் குறைப்பாரா?

அண்ணா தொழில்நுட்பத்தில் நூற்றுக்கு நூறு சரி. தவறு நடந்த இடம் வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டவர்கள் சர்வர் ரூமுக்கு வந்ததில்லை. சர்வர் ரூமில் இருந்தவருக்கு ஒப்பந்தத்தைக் காட்டியதில்லை. நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். வாய் திறக்கவில்லை. இன்டர்னுக்கு என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன். கடைசி நாள் சர்டிஃபிகேட் வாங்கும்போது அக்கவுண்ட்ஸ் ஆபீசரிடம் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தார். "ஆமா... இப்ப எதுக்குப்பா அது?" என்று ஃபைலை மூடி வைத்தார்.

இனி என் அபிப்பிராயம்.

மென்பொருள் நிறுவனத்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஒரு ஃபைலில் 0 எழுதினால் மூடும், 1 எழுதினால் திறக்கும். தணிக்கைக்காரர் வரும்போது மூடிவிட்டு, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது திறந்துகொள்ளலாம். இதை நம்பி எப்படி விலையைக் குறைப்பது? ஆரக்கிள் தன் பகிர்வுக் கொள்கையில் கடினப் பிரிப்பு, மென் பிரிப்பு என்று இரண்டாகப் பிரிப்பதும் இதனால்தான். இயங்குதளத்துக்குள் செய்யும் மென் பிரிப்புகளை லைசென்ஸைக் குறைக்கும் வழியாக அது ஏற்பதில்லை. எங்கள் ஆடிட்டிங் பாடத்திலும் இதே கதைதான். நிர்வாகம் தன் கையால் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை விட வெளியிலிருந்து வரும் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் கதையின் மறுபக்கத்தைப் பாருங்கள். மூடிய பிராசஸரை வைத்து வியாபாரம் செய்ய ஆரம்பித்ததே விற்கிறவர்கள்தான். ஐ.பி.எம். தன் பெரிய சர்வர்களையும் மெயின்ஃபிரேம்களையும் தேவைக்கு அதிகமான பிராசஸர்களோடு அனுப்பி, காசு கட்டக் கட்டத் திறந்துவிடும். எச்.பி.யும் எச்பி-யுஎக்ஸ் சர்வர்களில் இதைச் செய்தது. ஆரக்கிளே தன் எக்ஸாடேட்டா இயந்திரத்தில் கோர்களில் ஒரு பகுதியை மூடிவைத்து, திறந்ததற்கு மட்டும் லைசென்ஸ் போட அனுமதிக்கிறது. 2010-ல் இன்டெல் 50 டாலர் அட்டை ஒன்றை விற்றது. அதில் உள்ள எண்ணைத் தட்டினால் நீங்கள் ஏற்கனவே வாங்கிவிட்ட சிப்பில் ஹைப்பர்-த்ரெடிங் திறந்துகொள்ளும்! ஊரே திட்டியது. அடுத்த வருஷமே நிறுத்திவிட்டார்கள்.

ஆக, மூடிய கோர் மூடிய கோர்தான் என்பதை இவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், சாவி தங்கள் கையில் இருக்கும் வரை. சாவி வாங்கியவன் கையில் இருந்தால் மட்டும் அது கணக்கில் வராது. எனக்கு உறுத்துவது இதுதான். வாங்கியவன் பொய் சொல்லக்கூடும் என்பதற்காக, பொய் சொல்லாதவனிடமும் முழு வாடகை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

சாட்சியம் இல்லை என்றால் சாட்சியத்தை உண்டாக்க வேண்டும். எந்த பிராசஸர் எப்போதிலிருந்து மூடியிருக்கிறது என்று சோலாரிஸ் காட்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்த மாதிரி தகவலை யாரும் திருத்த முடியாதபடி தொடர்ந்து பதிவு செய்வது முடியாத காரியமில்லை. வீட்டு மின்சார மீட்டர் நம் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. சீல் வைத்திருக்கிறார்கள், கணக்கு எடுக்கிறார்கள், யூனிட்டுக்குப் பணம் வாங்குகிறார்கள். வீட்டில் எத்தனை ப்ளக் பாயிண்ட் இருக்கிறது என்று எண்ணி யாரும் பில் போடுவதில்லை.

கிளவுடுக்குப் போனால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி சரி. அமேசான் 2018-ல் ஒரு வசதி தந்தது. மெய்நிகர் சர்வரைத் தொடங்கும்போதே இத்தனை கோர் போதும் என்று குறைத்துக்கொள்ளலாம், லைசென்ஸ் செலவைக் குறைப்பதற்கென்றே. ஆனால் அமேசானுக்குக் கட்ட வேண்டிய வாடகை அதேதான், ஒரு பைசா குறையாது. கவுண்டரை மூடிக்கொள், கட்டிட வாடகையைக் குறையாமல் கொடு. நேர்மையாகச் சொல்லிவிட்டுச் செய்கிறார்கள், அந்த மட்டில் சந்தோஷம்.

"பதினாறு கோர் எதற்கு வாங்கினார்கள்? நாலு கோர் சர்வர் வாங்கியிருந்தால் வம்பே இல்லையே" என்று என் நண்பன் கேட்டான். அதுதான் சரியான கேள்வி. லைசென்ஸ் கோர் கணக்கில் என்றால், எண்ணிக்கை குறைவாகவும் ஒவ்வொன்றும் வேகமாகவும் உள்ள சிப்பைத் தேடி வாங்க வேண்டும். சர்வர் விலையில் கொஞ்சம் கூடினாலும் மொத்தத்தில் லாபம். ஆனால் இந்த முடிவை எடுக்க அட்மினும் அக்கவுண்ட்ஸும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அங்கே ஹார்டுவேருக்கு ஒரு ஃபைல், மென்பொருளுக்கு ஒரு ஃபைல். இரண்டும் ஒரே பீரோவில் அடுத்தடுத்து இருந்தன, நானே அடுக்கினேன். ஒன்றாகத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை.

என்னைப் போல் காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் விஷயம் நமக்கு எதற்கு என்று ஒதுங்காதீர்கள். நாளைக்கு நம்மிடம் வரப்போகும் பில்களில் பெரிய பில் இதுதான். கோர் என்றால் என்ன, த்ரெட் என்றால் என்ன, நிறுவியது வேறு ஓடுவது வேறு, இந்த மூன்று தெரிந்தால்கூடப் போதும். அட்மின் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கும் ஒரு வேண்டுகோள். "மூடிவிடு" என்று யாராவது சொன்னால், மூடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தின் விளக்கங்கள் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால், கேட்டதை மின்னஞ்சலில் எழுதி வையுங்கள்.

அண்ணா இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். போன மாதம் போன் செய்து அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முதலிலேயே பார்த்தேன், சொல்லவில்லை என்பதையும் சேர்த்துத்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பரவாயில்லை தம்பி, அடுத்த இடத்திலயாவது சத்தமாச் சொல்லு" என்றார்.

சொல்கிறேன் அண்ணா.